சிறு துப்பாக்கி பயிரைக் காக்குமா?

நம் சங்கத்தின் சென்ற மகாசபையில், நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு விஷயம் மற்றெல்லா விஷயங்களையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது. மலையடிவார ஊர்களைச் சேர்ந்த அங்கத்தினர் சிலர் எழுந்து, காட்டுப் பன்றிகளால் தங்களுக்கு நேர்ந்த நஷ்டத்தை எடுத்துரைத்தனர். அவர்களுள் ஒருவர், .22 என்று சொல்லப்படும் புதுமாதிரிச் சிறு துப்பாக்கிகள் இரண்டைச் சங்கத்தின் பொது நிதியிலிருந்து வாங்கி, முறை வைத்துக் காவலுக்குக் கொடுக்கவேண்டும் என்று யோசனை கூறினார். சபையில் பலத்த கரகோஷம் எழுந்தது. கைதட்டியவர்களுள் நாமும் இருந்தோம் என்பதை மறைக்கவேண்டியதில்லை. சக்கம்பட்டி நெசவாளர் தரப்பிலிருந்து ஒருவர் மட்டும், "வாங்குகிற பணத்தில் எங்கள் பங்கும் இருக்கிறது, ஐயா, வாங்கினால் பன்றி சாகுமா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை காணும் பொறுப்பை நிர்வாகக் குழு நம்மிடம் ஒப்படைத்தது. நாம் விசாரித்தோம், துப்பாக்கியைச் சென்று பார்த்தோம், சட்டத்தையும் படித்தோம். கண்டதையும், அதன்மேல் நாம் கொண்ட அபிப்பிராயத்தையும் அங்கத்தினர்கள்முன் வைக்கிறோம்.

தொல்லை மெய்யானதே

கம்பம் பள்ளத்தாக்கின் அமைப்பை அறிந்தவர்க்கு இத்தொல்லையின் காரணத்தை விளக்கவேண்டியதில்லை. மேற்கே ஏலமலைத் தொடர். கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். இடையில் ஒடுங்கிய ஒரு பூமி. 1895-இல் பெரியாற்று அணை முடிந்து தண்ணீர் இப்பக்கம் திரும்பியபின், 14,707 ஏக்கர் இருபோக நன்செய் இப்பள்ளத்தாக்குக்கு வாய்த்தது. அதற்கு மேட்டில் கிணற்றுப் பாசனத்தில் வாழை, தென்னை, திராட்சைத் தோட்டங்கள். அதற்கும் மேலே, காட்டின் ஓரம் வரை, நிலக்கடலையும் மக்காச்சோளமும் மொச்சையும் விளையும் மானாவாரி நிலங்கள். 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தது. எனவே, பல இடங்களில் ஒரு பக்கம் காப்புக்காடு, மறுபக்கம் கடலைக் கொல்லை. நடுவே ஓர் ஓடைதான் எல்லை.

காட்டுப் பன்றிக்குக் கண் மந்தம். மூக்கு மிகக் கூர்மை. மண்ணுக்குள் கடலை முற்றுவதும், வாழைக் கிழங்கில் நீர் ஏறுவதும் அதற்கு மோப்பத்திலேயே தெரிந்துவிடும். தின்பதைவிட உழுதுபோட்டுக் கெடுப்பது அதிகம். தாய்ப் பன்றி ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகளும், சில சமயம் அதற்கு மேலும் ஈனும். குட்டிகளோடு ஒரு கூட்டம் ஓர் இரவு புகுந்தால், காலையில் அங்கே கொல்லை இருந்த அடையாளம் மட்டுமே எஞ்சும். நாம் சென்று பார்த்த ஓர் ஏக்கர் கடலைக் காட்டில், வயது முதிர்ந்த தம்பதியர் இருவர் கிளறிய மண்ணில் உட்கார்ந்து, மிஞ்சிய கடலையை விரலால் துழாவிக்கொண்டிருந்தனர். "தம்பி, இன்னும் எட்டு நாள்ல பிடுங்கியிருப்போம். அந்த எட்டு நாள் அதுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க" என்றார் அந்த அம்மையார். சங்கத்தில் வாங்கிய விதைக் கடன் அவர்கள் பேரில் இன்னும் நிற்கிறது. துப்பாக்கி வேண்டும் என்று கேட்பவர்களை ஆத்திரக்காரர் என்று தள்ளிவிட எவருக்கும் உரிமையில்லை.

துப்பாக்கியைப் பார்த்தோம்

மதுரைப் பக்கம் உள்ள ஒரு துப்பாக்கிக் கழகத்தில் நம் குழுவினர் ஒருவர் நெடுநாள் அங்கத்தினர். அக்கழகம் அண்மையில் வாங்கியிருந்த புதிய .22 ரைபிளை அவர் சுட, நாம் அருகிருந்து கவனித்தோம்.

.22 என்பது குழலின் உள்விட்டம். ஓர் அங்குலத்தில் நூற்றில் இருபத்திரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீட்டர். அதன் தோட்டா சுண்டுவிரலின் பாதிக்கும் மெலிந்தது. பெரிய துப்பாக்கித் தோட்டாவின் அடியில் நடுவே ஒரு வெடிமூடி இருக்கும். இதில் அது கிடையாது. தோட்டாவின் அடிவிளிம்பு மடிப்புக்குள்ளேயே வெடிமருந்தைத் தடவியிருப்பார்கள். அடியூசி விளிம்பைத் தட்டியதும் வெடிக்கும். பாரிசு நகரத்துப் பிளோபர் என்பவர் 1845-இல் இம்முறையைத் தொடங்கினார். 1857-இல் அமெரிக்காவில் ஸ்மித்–வெஸ்ஸன் கம்பெனியார் .22 தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். இன்று வழங்கும் நீளத் தோட்டா 1887-இல் உண்டானது. அமெரிக்காவில் மேய்ச்சல் நிலத்து நில அணில்களையும், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் முயல்களையும் சுடுவதற்கு உழவர்கள் இதைப் பெரிதும் கையாளுகின்றனர். நம் நாட்டில் இஷாப்பூர்த் துப்பாக்கித் தொழிற்சாலையும் இவ்வகை ரைபிளைச் செய்து விற்றிருக்கிறது.

கருவியைப் பற்றிக் குறை சொல்ல இடமில்லை. தோளில் உதை இல்லை. ஓசை, காய்ந்த மூங்கில் முறிவது போன்றதுதான். ஐம்பது மீட்டர் தூரத்துக் காகித இலக்கில் நம் நண்பர் படுத்துச் சுட்ட பத்துக் குண்டுகளும் ஓர் எலுமிச்சம்பழம் மறைக்கும் அளவுக்குள் விழுந்தன. பழகாதவரும் ஒரு வாரத்தில் கைதேர்ந்துவிடலாம். நம்முடன் வந்த இளைஞர் ஒருவரின் முகத்தில் தோன்றிய ஆசையை நாம் கவனித்தோம். நம் முகத்தை அவர் கவனித்தாரோ என்னவோ!

இரண்டாவது பெட்டியைச் சுடும்போது ஒரு தோட்டா வெடிக்கவில்லை. பயிற்றுநர் உடனே, "குழலைத் திருப்பாதீர்கள்" என்று எச்சரித்து, இலக்கை நோக்கியபடியே அரை நிமிஷம் காத்திருக்கச் செய்து, பிறகே அதை வெளியே எடுக்கச் சொன்னார். விளிம்பில் மருந்து சீராகப் பரவாவிடில் இவ்வாறு நேர்வதுண்டாம். களத்தில் அரை நிமிஷம் பெரிதன்று. பதினைந்தடி தூரத்தில் ஆண் பன்றி நிற்கும்பொழுது அது மிகப் பெரிது.

பின்பு நாம் நம் கேள்வியைக் கேட்டோம். பயிற்றுநர் நேரே விடை சொல்லாமல் கணக்கொன்றைக் காட்டினார். இந்தக் குண்டின் எடை 2.6 கிராம், குழலைவிட்டு வெளிப்படும் வேகம் விநாடிக்கு 330 மீட்டர் அளவு. இவற்றிலிருந்து கிடைக்கும் சக்தி சுமார் 140 ஜூல். பதினான்கு கிலோ மூட்டையொன்றை ஒரு மீட்டர் உயரம் தூக்கும் உழைப்பு அது. பன்னிரண்டு போர்த் துப்பாக்கியின் ஒற்றை ஈயக் குண்டுக்கு இதைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு சக்தி உண்டு. வளர்ந்த ஆண் பன்றி நூறு கிலோ வரையிலும், அதற்கு மேலும் எடையுள்ளது. அதன் தோள்புறத் தோல் கேடயம்போல் தடித்திருக்கும். அதன்மேல் இச்சிறு குண்டு பாய்ந்தால் அது சாகாது, காயப்படும். காயப்பட்ட பன்றி அன்றிரவு ஓடிவிடும். மறுநாள் காலையில் புல்லறுக்கப் போகும் பெண்ணையோ, ஆடு மேய்க்கும் சிறுவனையோ புதரிலிருந்து பாய்ந்து தாக்கும். சுட்டவர் வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பார்.

இன்னொன்றையும் அவர் சொன்னார். பன்றியைக் கொல்ல வலுவில்லாத இக்குண்டு, தவறிப் போனால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் செல்லும். மனிதனைக் கொல்ல அதனால் முடியும். பாறையிலும் இறுகிய தரையிலும் பட்டால் திசைமாறித் தெறிக்கும். நம் மானாவாரி நிலங்கள் கல்லும் கரடுமாய்க் கிடப்பவை. பள்ளத்தாக்கின் நடுப்பகுதியிலோ, இரவு என்பது ஆளில்லாத நேரமன்று. முறைத் தண்ணீருக்கு மடை திறக்கப் போகிறவர், மோட்டார் போடப் போகிறவர், தோட்டத்துக் குடிசையில் படுத்திருப்பவர் என்று இருட்டில் எத்தனையோ பேர். போர்வையைப் போர்த்திக்கொண்டு வாய்க்காலில் குனிந்து நிற்கும் மனிதன், கைவிளக்கின் மங்கிய ஒளியில் எப்படித் தோன்றுவான் என்பதைத் துப்பாக்கி கேட்கும் அன்பர்கள் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். அந்த மனிதனும் நம் சங்கத்தின் அங்கத்தினனாகவே இருப்பான்.

சட்டம் சொல்வது

இனிச் சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு இவ்விஷயத்தை நம்மைக் கேட்காமலே பகுத்து வைத்திருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று அது குறிப்பிடுவது, குழல்வாயில் மருந்து இடித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியை. அது போதாதென்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், உட்புறம் வழவழப்பான குழலுடைய வேறு துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். .22 ரைபிளை அப்பிரிவு எங்கே வைத்திருக்கிறது? அங்கீகாரம் பெற்ற கழகத்தின் அங்கத்தினர் இலக்குப் பயிற்சி செய்வதற்கான கருவி என்ற இடத்தில். வேறு தக்க காரணம் காட்டி உரிமம் கோர வழி உண்டெனினும், பயிர்க் காவல் என்று எழுதி இந்த ரைபிளைக் கேட்பது, ஏர் வேண்டுமென்று சொல்லி ஊசி கேட்பது போன்றது.

உரிமம் கிடைத்தாலும், எதைச் சுடுவது? 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காகம், பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி ஆகியவற்றைத் தொல்லைப் பிராணிகள் என்று ஐந்தாம் அட்டவணையில் சேர்த்திருந்தார்கள். 2022-இல் இயற்றப்பட்டு 2023 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தம், அந்த அட்டவணையையே நீக்கிவிட்டது. மயில் முதல் அட்டவணையில் உள்ளது. அத்திருத்தத்தின்படி நாட்டுக் குரங்கும் முதல் அட்டவணைக்குச் சென்றுவிட்டது. காட்டுப் பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. நிற்கும் பயிருக்கோ மனித உயிருக்கோ ஆபத்து என்று கண்டால், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அதிகாரியோ, காரணம் காட்டி எழுத்துமூலம் இசைவு தந்தபின்பே அதைக் கொல்லலாம். உழவன் தானே தீர்மானித்துச் சுடுவதற்கு இடமில்லை.

ஆகவே நாம் கண்ட முடிவு இதுதான்: இச்சிறு துப்பாக்கியால் கொல்லக்கூடிய மயிலையும் குரங்கையும் சுடச் சட்டம் விடாது, சட்டம் இசைவின்பேரில் விடக்கூடிய பன்றியை இத்துப்பாக்கி கொல்லாது. எஞ்சுவது வயல் எலி. அதற்குத் தஞ்சாவூர்க் கிட்டியும், வயலில் நட்ட குச்சியில் வந்தமரும் ஆந்தையும் போதும்.

ஓசை குறைந்த இக்கருவி சங்கத்தின் பெயரில் ஊரில் இருக்குமானால், முயலுக்கும் மானுக்கும் ஆசைப்படும் சிலர் கைக்கு அது என்றாவது போய்ச்சேரும். அப்பொழுது வழக்கில் நிற்பது சங்கம். தேர்தல் வரும்போதெல்லாம் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க உத்தரவு வரும் என்பதையும் மறக்கலாகாது. தேர்தல் ஆணையத்தின் நாள்காட்டியைப் பன்றிகள் பார்ப்பதில்லை.

மலைக்கு அப்பாலும் இப்பாலும்

சிறு துப்பாக்கி வேண்டாம். பெரிய துப்பாக்கியாவது தரலாகாதா என்று சிலர் கேட்கலாம். குமுளி வழியாக மலையைக் கடந்தால் இடுக்கி மாவட்டம். அங்கே கேரள அரசாங்கம் 2022 மே மாதத்தில், பயிரை அழிக்கும் காட்டுப் பன்றியைக் கொல்ல இசைவு தரும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்களிடம் அளித்தது. உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களே சுடவேண்டும். நஞ்சு, வெடி, மின்சாரம் ஆகியவை கூடா என்று விதித்தது. நம்மவர் பலர் இதைக் காட்டி, "அங்கே முடியும், இங்கே முடியாதா?" என்று கேட்கின்றனர். ஆனால் அங்கும் சுடத் தெரிந்த உரிமதாரர்கள் போதவில்லை. பன்றித் தொல்லையும் ஓயவில்லை. பன்றியைத் தொல்லைப் பிராணியாக அறிவிக்கும்படி கேரளம் மத்திய அரசாங்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டும் இசைவு கிடைக்கவில்லை. ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி போடும் பிராணியை இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சுட்டுக் குறைத்துவிட முடியாது என்பதற்கு இதுவே சான்று.

நம் தமிழ்நாட்டு அரசாங்கம் 2025 ஜனவரியில் வேறொரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடலாகாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்றுக்கு அப்பால், பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். சுடுவது உழவரின் வேலையன்று, துறையின் வேலை என்று வகுத்ததை நாம் வரவேற்கிறோம். அதே சமயம் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். சமவெளி மாவட்டங்களுக்கு மூன்று கிலோமீட்டர் என்பது சிறு தூரம். இருபுறமும் காடு நெருக்கும் நம் பள்ளத்தாக்கில், அது நிலத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். லோயர்கேம்ப், கூடலூர், சுருளிப்பட்டி, கோம்பை, தேவாரம் ஆகிய ஊர்களின் மலையடிவார உழவர்க்கு, நஷ்டம் முதல் வட்டத்தில். நிவாரணமோ மூன்றாம் வட்டத்தில். இவர்களுக்கு இரண்டாம் வட்டத்தில் பன்றியைப் பிடிக்கும் வேலையாவது தாமதமின்றி நடக்கவேண்டும். அதற்குக் கூண்டும் ஆளும் வாகனமும் மாவட்டத்திலேயே எந்நேரமும் இருக்கவேண்டும். இதை அரசாங்கத்திடம் கேட்பது நம் உரிமை. தனி உழவராகக் கேட்பதைவிடச் சங்கமாகக் கேட்பது வலிமை.

பொறுமையிழந்த சிலர் வேறு வழிகளில் இறங்குவதை நாம் அறிவோம். மின்கம்பியில் கொக்கி போட்டு இழுத்துக் கொல்லையைச் சுற்றிக் கட்டுவதும், அவுட்டுக்காய் வைப்பதும் கொலைக்குச் சமானம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இவ்வாறு கட்டிய மின்கம்பியில் மூன்று யானைகள் மடிந்தன. தாயை இழந்த குட்டிகள் இரண்டு அவ்விடத்தைச் சுற்றிச் சுற்றி நின்றன. இத்தகைய கம்பியில் மனிதர்களும் மாண்டிருக்கிறார்கள். இந்தத் தவற்றைச் செய்பவர் எவராயினும் சங்கத்தின் ஆதரவை எதிர்பார்க்க வேண்டாம்.

செய்ய வேண்டியது

துப்பாக்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போவது எளிது. அந்தத் தம்பதியரின் கடலைக்கு அது விடையாகாது. அந்தப் பொது நிதியைக் கொண்டு செய்யத்தக்கவை என்று நாம் கருதுவனவற்றைக் கூறுகிறோம்.

முதலாவது, கூட்டு வேலி. சூரிய சக்தியால் இயங்கும் மின்வேலி, விநாடிக்கு ஒருமுறை கணநேரத் துடிப்பாக அதிர்ச்சி தருவது, விரட்டுமேயன்றிக் கொல்லாது. ஓர் ஏக்கர் சதுர நிலத்தின் சுற்றளவு சுமார் 254 மீட்டர். இருபத்தைந்து பேர் தத்தம் ஓர் ஏக்கரைத் தனித்தனியே வளைத்தால் 6,350 மீட்டர் வேலி வேண்டும். அதே இருபத்தைந்து ஏக்கரும் ஒருசேரக் கிடந்து, எல்லாரும் சேர்ந்து ஒரே சதுரமாக வளைத்தால் 1,270 மீட்டர் போதும். செலவு ஐந்தில் ஒன்று! கூட்டுறவின் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு வேறு இல்லை. இரண்டு எச்சரிக்கைகள்: பன்றி கீழே நுழைவது, ஆகவே அடிக்கம்பி தரைக்கு மேல் ஒரு சாணுக்குள் இருக்கவேண்டும். அக்கம்பியில் புல் பட்டால் மின்சக்தி மண்ணில் இறங்கிவிடும். ஆகவே வாரந்தோறும் புல் செதுக்க ஆள் வேண்டும். வேலி போட்டவர்கள் செதுக்க மறந்ததே பல இடங்களில் வேலி பயன்படாமைக்குக் காரணம். சங்கம் கடன் கொடுக்குமானால், புல் செதுக்கும் முறையையும் எழுதி வாங்கிக்கொண்டே கொடுக்கவேண்டும்.

காட்டை அடுத்த பகுதிகளில் மின்வேலி போடுவதற்கு, 2023-இல் வகுத்த விதிகளின்படி வனத்துறையின் அனுமதியைப் பெறவேண்டும். இதைத் தொல்லை என்று எண்ணலாகாது. 2023 மே மாதத்தில் அரிக்கொம்பன் என்னும் யானை கம்பம் நகருக்குள்ளேயே வந்து, ஜூன் 5-ஆம் தேதி பிடிபடும் வரை நாம் பட்டபாடு நினைவிருக்கும். யானையின் தடத்தை மறித்து வேலி போட்டால், அது ஊர்ப்பக்கம் திரும்பும். தடம் எது என்று அறிந்தவர் அதிகாரியாக இருந்தாலும், மலையில் வாழும் பளியராக இருந்தாலும், அவரைக் கேட்டுச் செய்வது நமக்கே நன்மை.

இரண்டாவது, கூட்டுக் காவல். தினைப்புனத்துப் பரண் நம் முன்னோர் கண்டது. பயிர் முற்றும் மூன்று வாரங்கள் மட்டுமாவது, பத்துக் காட்டுக்கு ஒரு பரண், அதில் இரவுக்கு இருவர், ஒரு நல்ல கைவிளக்கு, ஒரு தகரம், ஒரு நாய் என்று ஏற்பாடு செய்யலாம். நாய்க்கு நாம் வெளியூர் போகவேண்டியதில்லை; கோம்பை நாய் இம்மண்ணில் தோன்றிய இனம். பன்றி வருவதை மனிதன் அறிவதற்குக் கால்நாழிகை முன்பே அது அறிவிக்கும். அதை வேட்டைக்கு ஏவாமல், காவலுக்குக் கட்டவேண்டும்.

பழைய வண்ணப் புடைவைகளைக் கொல்லையைச் சுற்றிக் கட்டும் வழக்கம் நாடெங்கும் இருக்கிறது. புதிதில் பன்றி அஞ்சும். சில நாட்களில் பழகிவிடும். அறுவடைக்கு முந்திய வாரத்துக்கு மட்டும் கட்டினால் பயன் உண்டு. தாம் நெய்த சேலை பன்றிக்கு வேலியாவதைக் கண்டு சக்கம்பட்டி அன்பர்கள் வருந்தமாட்டார்கள் என்று நம்புகிறோம். அது கிழிந்தபின் செய்யும் இரண்டாம் சேவை அல்லவா?

மூன்றாவது, கணக்கு. நஷ்டத்தைச் சொல்லி அழுகிறோம், எழுதி வைப்பதில்லை. எழுதாத நஷ்டம் அரசாங்கத்துக்குத் தெரியாது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், வன விலங்குகளால் நேரும் பயிர்ச்சேதத்தையும் கூடுதல் காப்பாகச் சேர்ப்பதென 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது; 2026 கரிப் பருவத்திலிருந்து என்பது ஏற்பாடு. எந்த விலங்கு, எந்தப் பகுதி என்பதை மாநில அரசாங்கம் அறிவிக்கவேண்டும். சேதம் நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் கைபேசிச் செயலியில் படத்துடன் பதிவுசெய்யவேண்டும் என்பது விதி. கைபேசி கையாளத் தெரியாத முதிய உழவர் 72 மணி நேரத்துக்குள் என்ன செய்வார்? இங்கேதான் சங்கம் வேண்டும். ஒவ்வொரு கிளையிலும் ஒரு பன்றிச் சேதப் பதிவேடு வைத்து, விவரம் தெரிந்த ஓர் இளைஞரை அப்பணிக்கு அமர்த்தினால், துப்பாக்கி தராத பாதுகாப்பை அந்த இளைஞர் தருவார். கழகக் களத்தில் ரைபிளை ஆசையோடு நோக்கிய அந்தத் தம்பியையே முதலில் அமர்த்தலாம் என்பது நம் சிபாரிசு. அந்தப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாம் வனத்துறையிடம் சென்று, எந்த ஊரில், எந்த மாதத்தில், எத்தனை ஏக்கர் என்று காட்டிக் கேட்கும்பொழுது, இல்லை என்று சொல்வது அவர்களுக்கு எளிதாயிராது.

இவற்றால் காட்டுப் பன்றி அடியோடு ஒழிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. மலை இருக்கும்வரை பன்றியும் இருக்கும். அது மலையில் இருக்கட்டும், கொல்லையில் இருக்கவேண்டாம் என்பதே நம் கோரிக்கை. அதற்கு வேண்டியது ஒருவர் கையில் ஒரு துப்பாக்கியன்று. இருபத்தைந்து பேர் கையில் ஒரு வேலி.

எனவே, துப்பாக்கி வாங்கும் யோசனையைக் கைவிட்டு, அத்தொகையைக் கூட்டு வேலிக் கடனுக்கும் சேதப் பதிவேட்டுக்கும் ஒதுக்கவேண்டும் என்றும், கடலையை இழந்த சிற்றுழவர்களின் விதைக் கடனுக்கு ஓராண்டுத் தவணை நீட்டிக்கவேண்டும் என்றும் அடுத்த மகாசபையில் தீர்மானம் கொண்டுவர இருக்கிறோம். சென்ற முறை கைதட்டியவர்கள் இம்முறை கைதூக்குவார்களாக.